எப்சிபாவுக்கு ஆசை இல்லை

பனிஷ்மென்ட் மாதிரிதான் சாரே தோணும். மொதல்ல எல்லாருக்கும் அப்பிடித்தான் தோணும். திருநெல்வேலில குடும்பத்த விட்டுட்டு, அணைக்கட்டுல தண்ணி அளக்கப் போன்னு தூக்கிப் போட்டா யாருக்குத்தான் வயிறு எரியாது? நீங்க தாராளமா பேசலாம். பஸ்ஸு கெளம்ப இன்னும் நேரம் கெடக்கு. டிரைவரு சாயா குடிச்சு, வெத்தல போட்டு, டயர காலால ஒரு தட்டு தட்டிட்டுத்தான் ஏறுவாரு. குலசேகரத்துல எப்பவும் இப்பிடித்தான்.

ஆனா ஒண்ணு. உங்கள கவர்மெண்டு தூக்கிப் போட்டுது. நீங்க யாரையாவது புடிச்சு ஒரு வருசத்துல திரும்பிப் போயிருவீங்க. இதே மலைக்கு கேட்டு வாங்கி, கெஞ்சி வாங்கி வந்த ஆள நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். பாத்திருக்கேன்னா என்ன, கட்டியிருக்கேன். எனக்க பொண்டாட்டிதான்.

எப்சிபான்னு பேரு. பால்சுனை ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸு. நீங்க எறங்குத அணைக்கட்டுக்கும் மேல, இன்னும் கொஞ்சம் ஏறணும். உங்களுக்கு காய்ச்சல் கீய்ச்சல்னு வந்தா அங்கதான் போவணும், வேற வழி கெடையாது. போனா ஜாண்ரோஸுக்க சிநேகிதன்னு சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. எனக்க பேரச் சொன்னா அங்க ஒண்ணும் நடக்காது. வரிசைல நில்லுங்கன்னுதான் சொல்லுவா.

எனக்கு சின்னதுலேருந்தே ஒரு கொணம் சாரே, ஒரு எடத்துல நிக்கமாட்டேன். மேல போணும், இன்னும் மேல போணும்னு உள்ளுக்குள்ள ஒண்ணு கெடந்து அரிச்சிக்கிட்டே இருக்கும். எலக்ட்ரீசியன் படிச்சேன், அதுல நிக்கல. மார்த்தாண்டத்துல மொபைல் கடை போட்டேன், சுத்தி நாலு பக்கமும் கடை வந்துட்டுது. ரப்பர் நாத்துப் பண்ணை போட்டேன், அந்த வருசம் பாத்து ரப்பருக்கு வெல எறங்கிட்டு. கலர் மீனு வளத்தேன், கரண்டு போயி எல்லாம் மெதந்துட்டு. சவுதிக்கும் போனேன். சூடு ஒத்துக்கிடல, சாப்பாடு ஒத்துக்கிடல, ராத்திரி அந்த ஏசி சத்தமும் ஒத்துக்கிடல. அந்தக் கிறிஸ்துமசுக்கு முன்னயே வந்துட்டேன். அதெல்லாம் எனக்க தப்புன்னு சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க. ஆசை இருந்துது. காலம் சரியில்ல.

எப்சி அப்பிடி இல்ல. அவள எங்க கொண்டு வச்சாலும் அங்க ஒத்துக்கிடும். கல்யாணம் ஆன புதுசுல நான் அவகிட்ட சொன்னேன், ஆசை எங்கிட்ட இருக்கு, படிப்பு ஒங்கிட்ட இருக்கு, ரெண்டையும் சேத்தா இந்தக் குடும்பம் எங்கயோ போயிரும்னு. அவ சிரிச்சா. சிரிச்சா சம்மதம்னுதானே நாம நெனைப்போம்?

மார்த்தாண்டத்துல ஒரு தனியார் ஆசுபத்திரில வேலை. நல்ல பேரு. வேலைக்குப் போவா, வருவா, பிள்ளைக்கு சோறு குடுப்பா, ஞாயித்துக்கிழம சபைல பாட்டுக்குழுவுல பாடுவா. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணு வேணும்னு அவளுக்குத் தோணவே தோணாது. எனக்குப் பாத்துப் பாத்து எரிச்சல் வரும். சொந்தக்காரன் ஒருத்தன் உண்டு, ஸ்டான்லின்னு. அவனுக்க பொண்டாட்டியும் நர்ஸுதான். எப்சிகூட படிச்ச பிள்ள, எப்சி அளவுக்கு கெட்டிக்காரியும் கெடையாது. அவ அயர்லாந்து போயி, இன்னைக்கு ஸ்டான்லிக்கு ரெண்டு மாடி வீடு. கேட்டுக்கு ரிமோட்டு. அந்த வீட்ட ஒரு தடவ பாக்கணும் நீங்க. சாயங்காலம் ஆனா ஸ்டான்லி எங்க வீட்டுக்கு வந்துருவான். வெராந்தால இருந்து எங்க பிள்ளகூட கேரம் ஆடுவான், எப்சி தோச சுட்டா ரெண்டு தின்னுட்டுப் போவான். அந்தப் பெரிய வீட்ல அவனுக்கு இருப்பு கொள்ளாதாம். கொழுப்பு சாரே. அப்பிடி வீடு இல்லாதவனுக்குத்தானே அதுக்க அருமை தெரியும்.

வண்டி எடுத்தாச்சு. சன்னல கொஞ்சம் எறக்கிவிடுங்க, மழ இந்தப் பக்கமாத்தான் அடிக்கும்.

அயர்லாந்துக்குப் போணும்னா ஒரு இங்கிலீஷ் பரீட்ச எழுதணும். கேக்குறது, வாசிக்கிறது, எழுதுறது, பேசுறது. நாலுலயும் நல்ல மார்க்கு வேணும், ஒண்ணு கொறஞ்சாலும் போச்சு. எப்சிக்கிட்ட எழுதுன்னு சொன்னேன். பாக்கலாம்னு சொன்னா. பாக்கலாம் எல்லாம் எங்கிட்ட நடக்காது. மறுநாளே பணம் கெட்டிட்டு வந்துட்டேன். மேசைய செவத்தப் பாத்துத் திருப்பிப் போட்டேன், சன்னலப் பாத்து இருந்தா கவனம் செதறும்லா. செவத்துல பூரா வார்த்தைய எழுதி ஒட்டினேன். பாட்டுக்குழுவுக்கு இனி வரமாட்டான்னு போதகர்கிட்ட நானே போயி சொன்னேன். வீட்டுக்கு யாரும் வரப்பிடாது. ஸ்டான்லியக்கூட வாசல்லயே பேசி அனுப்பினேன். பிள்ளைய நான் பாத்தேன், கஞ்சி நான் வச்சேன். எந்தப் புருசன் செய்வான் சொல்லுங்க. அவ டூட்டி முடிஞ்சு வந்து ஒரு குளி குளிச்சா நேர மேசைதான். தூங்கி விழுந்தா நான் எழுப்புவேன். அவளுக்குச் சொல்லிக் குடுக்கணுமேன்னு நானும் கூட இருந்து படிச்சேன். அந்தப் பரீட்சைல எழுதுறதுன்னா கதை கட்டுரை இல்ல. ஒரு நோயாளிய வேற ஆசுபத்திரிக்கு அனுப்ப ஒரு லெட்டர் எழுதணும். எத எழுதணும், எத விடணும்னு தெரியணும். எனக்கு அது சட்டுனு புடிபட்டுது. அவ நோயாளிக்கு வீட்ல யாரு பாக்க இருக்கா, அவருக்க மனசு எப்பிடி இருக்குன்னு எல்லாம் எழுதிக்கிட்டு இருப்பா. அதெல்லாம் வேண்டாம், வெட்டுன்னு சொல்லுவேன்.

பேசுத பரீட்சைல ஒரு கூத்து உண்டு. ஒரு கார்டு தருவாங்க. ஒருத்தரு நோயாளி, இவ நர்ஸு. நோயாளி அடம்புடிப்பாரு, இவ சமாதானமா பேசி வழிக்குக் கொண்டு வரணும். வீட்ல நான்தான் நோயாளி. மாத்திரை வேண்டாம்னு சொல்லுத கெழவன், ஆபரேசனுக்குப் பயப்படுதவன், சக்கரவியாதி வச்சுக்கிட்டு லட்டு திங்கிறவன், எல்லாம் நடிச்சிருக்கேன். நல்லா நடிச்சேன் சாரே, அவளே சொல்லியிருக்கா. ஒரு நாளு டூட்டி முடிஞ்சு கண்ணு செவந்து போயி வந்தா. நான் விடல, கார்ட எடுத்துட்டேன். அவ எனக்க மொகத்தயே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு இங்கிலீஷுல கேட்டா, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு பயம்னு. நான் கார்டப் பாத்தேன். அந்த நோயாளிக்கு பயமே கெடையாது, அவனுக்கு முட்டுவலி. கார்டுல இல்லாதத கேட்டா மார்க்கு போயிரும்னு சொன்னேன். அவ சரின்னு சொல்லிட்டு முட்டுவலியப் பத்திக் கேட்டா.

மொதல் வாட்டி எழுதுறதுல போயிட்டுது. மத்த மூணும் பாஸ். எனக்கு வந்த கோவத்துல என்னென்னமோ பேசியிருப்பேன். மனுசனுக்கு கோவம் வராதா? அவ அழல. மூணாவது நாளு அவளே வந்து சொன்னா, இன்னொரு வாட்டி எழுதுதேன்னு. எனக்கு அவ்வளவு சந்தோசம். கடைசில இவளுக்கும் ஆசை வந்துட்டுதுன்னு நெனச்சேன். இந்த வாட்டி நான் எழுப்பவே வேண்டாம். அவளா எழும்புவா, அவளா எழுதுவா, வெட்டுன்னு சொன்னா வெட்டுவா. செவத்தப் பாத்துத் திரும்பின மேசைல இருந்து பேனா ஓடுத சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும்.

நாலும் பாஸ் சாரே. நாலும். வீடியோல இன்டர்வியூ வச்சாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அங்க உள்ள மேடம் என்னமோ கேக்குதா, இவ சிரிச்சுக்கிட்டு பதில் சொல்லுதா, அந்த மேடமும் சிரிக்கிதா. எடுத்துட்டாங்க. இந்த மாசத்துக்குள்ள சம்மதம் சொல்லணும்னு ஒரு நாளு குறிச்சு அனுப்பினாங்க. நான் சபைல எல்லாருக்கும் கேக்கு குடுத்தேன். ஸ்டான்லிக்கு ரெண்டு துண்டு. வீட்டுக்கு மேல மாடி எடுத்தா படி எங்க வரும்னு கொத்தனாரக் கூட்டிட்டு வந்து காட்டினேன். எப்சி எல்லாத்தயும் பாத்துக்கிட்டு இருந்தா. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லல. அதத்தான் என்னால இன்னைக்கும் தாங்க முடியல.

அந்த வாரத்துலதான், நாங்க கஞ்சி குடிச்சிட்டு இருக்கோம், பயறும் அப்பளமும், அவ பிள்ளைக்கு அப்பளத்த ஒடச்சுக் குடுத்துக்கிட்டே சொல்லுதா. கவர்மெண்டு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாளாம். கெடச்சிட்டுதாம். டவுன் பக்கம் கேட்டிருந்தா அதுவும் கெடச்சிருக்கும், இவ கவுன்சிலிங்ல பால்சுனையப் பாத்துக் கேட்டு எடுத்திருக்கா. அங்க உள்ளவங்களே திருப்பிக் கேட்டாங்களாம், இது மலைம்மா, தெரியும்லான்னு. தெரியும்னு சொன்னாளாம்.

எதுக்குன்னு கேட்டேன். அவ நர்ஸிங் படிச்ச காலத்துல ட்ரெயினிங்குக்கு இங்க வந்திருக்கா. மேல காட்டுக்குள்ள உள்ள காணி ஆதிவாசிக் குடியிலேருந்து ஒரு பொண்ண பேறுகாலத்துக்கு தொட்டில் கெட்டித் தூக்கிட்டு வந்திருக்காங்க. ஆத்துல தண்ணி. தாண்ட முடியாம அக்கரைலயே வச்சுக்கிட்டு நின்னிருக்காங்க. இக்கரைல இவ நின்னிருக்கா. அந்தப் பொண்ணு பெழைக்கல. இத கல்யாணம் ஆன புதுசுல எங்கிட்ட சொல்லியிருக்கா. சொன்னது எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. பாவம்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு நம்ம குடும்பம் என்ன செய்யும் சொல்லுங்க?

நான் கத்தினேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் கேக்கக் கத்தினேன். அவ பாத்திரத்தக் கழுவி வச்சா. மறுவாரம் பொட்டி கெட்டினா. பிள்ளையயும் கூட்டிட்டு. ஜெரூஷான்னு பேரு, அப்ப ஒண்ணாங்கிளாஸ். நல்ல இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலு, டை கெட்டி ஷூ போட்டுப் போன பிள்ள. இப்ப இங்க மலைப்பள்ளிக்கூடத்துல படிக்கிது. மூணு கிளாசுக்கும் ஒரே டீச்சரு. என்னைய வரச் சொல்லலியான்னு கேக்கீங்களா? சொன்னா. குவாட்டர்ஸ் உண்டு, வாங்கன்னு சொன்னா. மலைல போயி நான் என்ன செய்ய? நான் மேல போணும்னு நெனைக்கிறவன். இந்த மேல இல்ல சாரே, சிரிக்காதீங்க.

எத்தன நாளு தாங்குவா பாப்போம்னு இருந்தேன். அட்ட கடிக்கும், கரண்டு போவும், பேச ஆள் இருக்காது, ஓடி வந்துருவான்னு நெனச்சேன். வரல. அயர்லாந்துக்கு சம்மதம் சொல்ல வேண்டிய நாளு வந்துக்கிட்டே இருக்கு. கடைசில நானே ஏறி வந்தேன். இதே பஸ்ஸுதான். அன்னைக்கும் மழ. வழியெல்லாம் என்ன பேசணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன்.

நான் போவும்போ அவ ஆசுபத்திரிக்குப் பின்னால துணி அலசிக்கிட்டு நிக்கிதா. பாடிக்கிட்டு. ஞானப்பாட்டுதான். நான் பாட்டுக்குழுவ நிறுத்தின பொறவு அவ வீட்ல பாடினதே இல்ல. என்னையக் கண்டதும் நிறுத்திட்டா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா. மரச்சீனிக்கெழங்கும் மொளகு அரச்சதும் கொண்டு வச்சா. நான் கைய வைக்கல. பேச ஆரம்பிச்சேன். பிள்ளைக்க படிப்பு சொன்னேன், மாடி சொன்னேன், நாளைக்கு வயசான பொறவு நமக்கு என்ன இருக்கும்னு கேட்டேன். ஸ்டான்லி பேச்சும் வந்துது. நம்மளப் பாத்து ஊர்ல சிரிக்கிறாங்கன்னு சொன்னேன். அவ எதுக்க இருந்து கேட்டா. நர்ஸுமாரு அப்பிடித்தான் கேப்பாங்க. முழுசும் கேட்டுட்டு, பொறவு சொன்னா.

"மொதல் வாட்டி நான் தோத்தப்ப நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னேன். உண்மையாவே இல்ல.

"ஒனக்கு முடியாதுட்டீன்னு சொன்னீங்க. முடியாதவங்கதான் இருக்கது போதும், இருக்கது போதும்னு சொல்லிக்கிட்டுக் கெடப்பாங்கன்னு சொன்னீங்க. பிள்ள கேட்டுக்கிட்டு இருந்துது."

நான் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டேன்னு சொன்னேன்.

"அதுக்குத்தான் ரெண்டாவது வாட்டி எழுதினேன். பாஸானேன். இன்டர்வியூவும் பாஸானேன். எனக்கு முடியும். முடியும்னு காட்டிட்டுத்தான் வேண்டாம்னு சொல்லுதேன். இனி நீங்க என்னைய முடியாதவள்னு சொல்ல முடியாதுல்லா?"

நீங்களே சொல்லுங்க சாரே. ராவும் பகலும் கூட இருந்து ஒரு மனுசன் படிக்க வச்சது, அவன் வாயில மண்ணப் போடுததுக்கா? அப்ப எனக்க ஆசைக்கு என்ன வழின்னு கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன். அவ சத்தத்த உயத்தல.

"ஒங்க ஆசைக்கு நீங்க போங்க. நான் பிள்ளையப் பாத்துக்கிடுதேன். போயிட்டு எப்ப வேணும்னாலும் வாங்க."

பொண்டாட்டி புருசன்கிட்ட சொல்லுத பேச்சா இது? நான் எங்க போவேன்? எனக்கு அங்க என்ன இருக்கு? அத நான் வாயத் தெறந்து கேக்கதுக்குள்ள யாரோ வந்து சிஸ்டரேன்னு கூப்பிட்டாங்க. அவ எழும்பிப் போயிட்டா. கெழங்கு ஆறிப்போச்சு. ஜெரூஷா வந்து எனக்க கால்ல இருந்த அட்டைய உப்பு வச்சு எடுத்துது. பயமே இல்ல அதுக்கு. இழுக்கப்பிடாதுப்பா, தானா விழணும்னு எனக்குச் சொல்லித் தருது.

குறிச்ச நாளு போச்சு. அயர்லாந்து போச்சு.

அவளுக்கு ஆசைங்கிறதே கெடையாது. அதான் எனக்க வருத்தம். ஒழைக்காதவளா இருந்தா விட்டுறலாம். பேய் மாதிரி ஒழைப்பா. இங்க வந்த பொறவு என்ன செஞ்சா தெரியுமா? பேறுகாலத்துக்கு முன்னமே பொண்ணுகள மேல குடியிலேருந்து எறக்கி, இங்க கொண்டு தங்க வைக்கணும்னு சொன்னா. தங்க எடம் இல்லன்னாங்க. பின்னால ஒரு பழைய குவாட்டர்ஸ் இடிஞ்சு கெடந்துது, அதக் கேட்டா. தரமாட்டேன்னாங்க. நாகர்கோவிலுக்கு மனு குடுக்கப் போனா, திரும்பத் திரும்பப் போனா, கலெக்டர் ஆபீசுல அவளக் கண்டாலே பியூன் நாற்காலி போடுவானாம். வாங்கிட்டா. பொறவு ஜீப்பு. அதுக்கும் அலைஞ்சா. அந்த ஜீப்பும் வந்துட்டு. அவ வந்த பொறவு அந்த ஆத்தங்கரைல ஒரு பொண்ணும் காத்துக்கிட்டு நிக்கல. நான் சொன்னேன், இந்த அலைச்சல்ல பாதி அயர்லாந்துல அலைஞ்சிருந்தா நீ இந்நேரம் எங்க இருப்பன்னு. அவளுக்கு அது ஏறாது. அவளுக்கு எப்பவும் அடுத்த ஜீப்பு, அடுத்த கட்டிலுதான்.

அந்த குவாட்டர்ஸுக்கு வயரிங் யாரு செஞ்சான்னு நெனைக்கீங்க? நான்தான். சனிக்கிழமை இங்க ஏறி வந்தா சும்மாதானே இருக்கேன். கவர்மெண்டு ஆளு வந்து செஞ்ச வயரிங்கப் பாத்தேன், மழைக்கு தாங்காது, பிள்ளத்தாச்சிப் பொண்ணுக இருக்குத எடம், மனசு கேக்கல. முழுசும் பிரிச்சு செஞ்சேன். வெள்ளையும் அடிச்சேன். சுவிட்ச போட்டதும் ஒரு காணிக்காரக் கெழவி வந்து, மருமவனேன்னு சொல்லி எனக்க கன்னத்த ரெண்டு கையாலயும் வழிச்சா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு. அதுக்குன்னு நான் அங்க இருக்க முடியுமா? எனக்கு வாரம் பூரா வேலை கெடக்கு.

ஆமா, வேலைதான். சொல்லலியா? அது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல. அயர்லாந்து போன பொறவு, போவாம போன பொறவு, எங்க தெருவுல ஒரு நர்ஸுப் பிள்ள வந்து கேட்டுது, அண்ணா, எனக்கு அந்த நோயாளியா நடிச்சுக் காட்டுவீங்களான்னு. செரின்னு செஞ்சேன். அது பாஸாயிட்டு. அதுக்க கூட்டுக்காரி வந்துது. அதுவும் பாஸு. பொறவு மார்த்தாண்டத்துல இந்தப் பரீட்சைக்குன்னு கோச்சிங் சென்டர் வச்சிருக்க பெனடிக்ட்னு ஒருத்தர் கூப்பிட்டு வச்சுக்கிட்டாரு. திங்கள்லேருந்து வெள்ளி வர. லெட்டர் திருத்துவேன், நோயாளியா இருப்பேன். ரெண்டு மழைக்காலம் தாண்டியாச்சு. காலம்பற எழும்பினா எப்ப கிளாசுக்குப் போவோம்னு இருக்கும். பிள்ளைக அயர்லாந்துலேருந்தும் லண்டன்லேருந்தும் போன்ல பேசி அனுப்பும், சாரே, இங்க ஒரு கெழவரு அச்சு அசல் உங்களப் போல அடம்புடிக்கிறாருன்னு. மார்க்கு போவட்டும்னு இப்ப நான் கார்டுல இல்லாததயும் கொஞ்சம் கேக்கச் சொல்லுதேன். நோயாளிக்க வீட்ல யாரு இருக்கா, என்ன பயம்னு. அப்பிடிக் கேக்கிற பிள்ளைகதான் நல்லா பாஸாவுது, என்ன மாயமோ தெரியல.

ஊர்ல உள்ள பொண்ணுகள எல்லாம் ஏத்தி விடுதேன். எனக்க வீட்ல உள்ளது மலைல இருக்கு. எரியுமா எரியாதா?

போன மாசம் அந்த பெனடிக்ட் ஒரு பேச்சு எடுத்தாரு. நாகர்கோவில்ல புதுசா ஒரு சென்டர் தொறக்கப் போறாராம். அத நான் எடுத்து நடத்தணுமாம், பங்கும் தாறேன்னு சொன்னாரு. நல்ல மனுசன்தான். ஆனா அங்க சனியும் ஞாயிறும்தான் முக்கியமான கிளாஸு. நர்ஸுமாருக்கு அன்னைக்குத்தானே ஒழியும். நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். அவரு விடல. ஜாண்ரோஸு, யோசிச்சுப் பாரு, எங்கயோ போயிருவன்னு சொல்லுதாரு. எனக்கு கோவம் வந்துட்டு. இப்ப இருக்கதுக்கு என்ன கொறச்சல்னு கேட்டேன். அந்த ஆளுக்கு எவ்வளவு வந்தாலும் போறாது சாரே. ரெண்டு பிள்ளைக இருக்கு, அதுக லீவுல வீட்ல இருந்தா இவரு வீட்ல இருக்கமாட்டாரு. ஞாயித்துக்கிழம ஆராதனைக்கு பொண்டாட்டி தனியா வருது. அப்பிடி ஓடி என்ன கொண்டு போவப் போறாரு?

என்ன சாரே, அப்பிடிப் பாக்கீங்க? நான் சனிக்கிழமை எப்பிடி விட முடியும்? அவகிட்ட பேச எனக்கு இருக்கது அந்த ரெண்டு நாளுதானே. இப்ப ஆஸ்திரேலியாவுல ஆள் எடுக்காங்க. அவளுக்க வயசுக்கு இன்னும் சான்ஸ் உண்டு. நேர்ல இருந்து வாரவாரம் கொஞ்சம் கொஞ்சமா சொன்னாத்தான் அவ வழிக்கு வருவா. போன வாரமே பேசியிருப்பேன். போன வாரம் பாத்து குடியில ஒரு பிள்ளைக்கு பேரு வச்சாங்க, தேனும் தெனமாவும் தந்தாங்க, போவாம இருக்க முடியல. அதுக்கு முந்தின வாரம் ஜெரூஷாவுக்கு ஆத்துல நீச்சலு சொல்லிக் குடுத்தேன். அதுக்கு முந்தி என்னவோ ஒரு சோலி, மறந்துட்டு. இந்த வாரம் கண்டிப்பா பேசிருவேன்.

இந்தப் பைலயா? சாளை. நாத்தம் அடிக்குதா? வாழ இல வச்சுத்தான் கெட்டியிருக்கேன். குளச்சல் மீனு, காலம்பற சந்தைல நின்னு வாங்கினேன். மலைல நல்ல மீனு கெடைக்காது, அவளுக்கு சாளைன்னா உயிரு. மத்தியானம் டூட்டி முடிஞ்சு அவ வரதுக்குள்ள நான் கொழம்பு வச்சிருவேன். மாங்கா போட்டு. இப்ப நல்லா வருது எனக்கு. சாப்பிட்ட பொறவுதான் பேச்ச எடுக்கணும். வெறும் வயித்துல பேசினா அவளுக்க மொகம் மாறிரும், நல்ல கொழம்பு வீணாயிரும்.

அன்னா தெரியுது பாருங்க, அதான் உங்க அணைக்கட்டு. உங்களுக்கு திங்கக்கிழமைதானே ஜாயினிங்? இன்னைக்கே எறங்கி அந்தப் பூட்டின குவாட்டர்ஸ்ல ஒத்தைக்கு இருந்து என்ன செய்யப் போறீங்க? எங்கூட வாங்க. ரெண்டு ஸ்டாப்புதான். ஒரு வாய் சாப்பிட்டுட்டு, ஆத்தயும் பாத்துட்டு நாளைக்கு எறங்கலாம், ஜீப்பு வரும். எப்சி ஒண்ணும் நெனைக்கமாட்டா, ஆளு வந்தா அவளுக்கு சந்தோசம்தான். நீங்க இருந்தா ஆஸ்திரேலியாவப் பத்திப் பேச முடியாது, அது உள்ளதுதான். விருந்தாளிக்கு முன்னால குடும்பக் காரியம் பேசப்பிடாது. பரவாயில்ல சாரே. அடுத்த சனிக்கிழமை பேசிக்கிடுதேன்.